மலையில் உடம்பு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: எடைப் பயிற்சி, கராத்தே, சாப்பாடு

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் மண்டபத்தில் வாரத்தில் நாலு நாள் பின்னேரம் பிள்ளைகளுக்குக் கராத்தேயும் எடைப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிறேன். நான் வளர்ந்ததும் லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் இரவு பத்து மணிக்கும் போன் எடுத்துக் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இழுப்பு (ஆஸ்துமா), வலிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

மாஸ்டர், முதலில் உடம்பை ஏற்றுவதா, கராத்தே பழகுவதா?

இரண்டையும் ஒன்றாகவே தொடங்கலாம். ஆனால் ஒல்லியாக வருகிற பையனுக்கு முதல் மூன்று மாதம் எடைக்குத்தான் கூடுதல் நேரம் கொடுப்பேன். தசையும் தசைநாரும் பலப்படாமல் வேகமாக உதைக்கப் பழகினால் இடுப்பும் முழங்காலும்தான் முதலில் முறைப்பாடு சொல்லும்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் உடம்பு ஏறாது என்று ஜிம்மில் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு வேர் 1980இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஒரு குழு எடை மட்டும் தூக்கியது, ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும் செய்தது, மூன்றாவது குழு இரண்டையும் செய்தது. பத்து வாரம் நடந்தது. மூன்றாவது குழுவின் பலம் முதல் ஏழு வாரம் நன்றாகவே ஏறி, அப்புறம் நின்று, கடைசியில் சற்று இறங்கியது. ஆனால் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்: வாரத்துக்கு ஐந்து நாள் எடை, ஆறு நாள் மூச்சு வாங்கும் ஓட்டமும் சைக்கிளும். அப்படிச் செய்தால் யாருக்குத்தான் இறங்காது? நாம் செய்வது வாரத்துக்கு நாலு தடவை. கடினமான இரண்டு வேலைகளை ஒரே நாளில் அடுக்காமல் இருந்தால் போதும்.

என் பிள்ளைகளுக்குத் திங்களும் வியாழனும் எடை, செவ்வாயும் சனியும் கராத்தே. திங்கட்கிழமை ஸ்குவாட், அதாவது பாரத்தோடு குந்தி எழும்புதல், செய்தவனால் செவ்வாய்க்கிழமை உயர உதைக்க முடியாது. அதனால் செவ்வாயில் கட்டாவும் (தனியாகச் செய்யும் வரிசை அசைவுகள்) அடிப்படை நிலைகளும் மட்டும். குமித்தே, அதாவது சண்டைப் பயிற்சி, சனிக்கிழமைதான். பள்ளிக்கூடம், டியூஷன் என்று நேரமில்லாமல் இரண்டையும் ஒரே நாளில் செய்தே ஆக வேண்டுமென்றால் கராத்தேயை முதலில் செய்யுங்கள். களைத்த உடம்பு தவறான உதையைத்தான் மனப்பாடம் செய்யும்.

தினமும் மலை ஏறி இறங்குகிறோம். எங்களுக்குத் தனியாகக் கால் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். ஆனால் டவுன் பையன்களுக்கு வேண்டிய அளவு வேண்டாம். பிரட்டுக்களத்திலிருந்து (காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடம்) மேல் மலைக்கும், லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் நடந்து வளர்ந்த பிள்ளைக்கு மூச்சும் காலும் ஏற்கெனவே பாதி கட்டப்பட்டிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்க்கும் குறை மேலுடம்பில்தான். இரண்டு புல் அப் எடுக்க முடியாதவன் மூச்சு வாங்காமல் மலை ஏறிவிடுவான்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறிய எல்லாருக்கும் இது தெரியும்: 5,000க்கும் மேற்பட்ட படிகளை ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், தொடை நோவு வருவது இறங்கிய மறுநாள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாவது அந்த வேலையில்தான். நோவு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, தானாக இறங்கும். பலம் வளர்வதில் இந்த இறக்கத்துக்கும் பங்கு உண்டு. அதனால் ஸ்குவாட் செய்யும்போது தொப்பென்று உட்காராதீர்கள். மூன்று எண்ணிக்கொண்டு இறங்கி, ஒரு எண்ணிக்கையில் எழும்புங்கள். ஓடப் போகிறவர்கள் மேட்டில் ஓடி ஏறுங்கள், இறக்கத்தில் நடந்து வாருங்கள்.

ஜிம் இல்லை. லயத்தில் கை நீட்டக்கூட இடமில்லை. என்ன செய்வது?

நானும் இஸ்தோப்பில்தான், லயத்து முன் வராந்தாவில்தான், தொடங்கினேன். தங்கச்சி படித்துக்கொண்டிருப்பாள், நான் அவள் பக்கத்தில் டிப்ஸ் (தரையில் கையூன்றி எழும்புதல்) அடிப்பேன், அவள் எண்ணுவாள், எப்போதும் இரண்டு குறைத்துத்தான் எண்ணுவாள்.

உடம்புக்கு இரும்பு என்றும் தண்ணீர் என்றும் வித்தியாசம் தெரியாது, பாரம்தான் தெரியும். ஐந்து லீட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் ஐந்து கிலோ. ஒன்றரை லீட்டர் போத்தலில் காய்ந்த மணலை நிரப்பினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. பழைய ஸ்கூல் பேக்கில் நாலு மணல் போத்தலைச் சீலை சுற்றி அடுக்கினால் பத்துக் கிலோ வந்துவிடும். அதை முதுகில் மாட்டிக்கொண்டு டிப்ஸும் ஸ்குவாட்டும் செய்யலாம், கையில் பிடித்துக் குனிந்து வயிற்றுப் பக்கம் இழுக்கலாம், தலைக்கு மேலே தூக்கலாம்.

தொங்குவதற்குத்தான் இடம் தேட வேண்டும். இரண்டு கட்டைக்கு நடுவில் ஒரு இரும்புக் குழாயைக் கட்டுங்கள், அல்லது உரமான கொய்யாக் கிளை போதும். கூரைச் சலாகையில் மட்டும் தொங்காதீர்கள். லயத்துக் கூரைக்கு இருக்கிற வருத்தம் போதும்.

எத்தனை தடவை? ஒவ்வொரு பயிற்சியையும் மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. இன்னும் இரண்டு எடுக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு லேசாக வந்துவிட்டால் ஒரு போத்தலைக் கூட்டுங்கள். இந்தக் கடைசி வரியைச் செய்யாதவர்கள்தான் ஆறு மாதம் டிப்ஸ் அடித்தும் அப்படியே இருக்கிறேன் என்று வருகிறார்கள். ஒரு சி.ஆர். கொப்பியில் தேதியும் எண்ணிக்கையும் எழுதுங்கள்.

கோழியும் முட்டையும் தினமும் வாங்க எங்களால் முடியாது. உடம்பு எப்படி ஏறும்?

வருகிற கேள்விகளில் முக்கியமானது இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு புரதம் போதும் என்பதுதான் இப்போது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். யூடியூபில் இதைக் கோழி நெஞ்சு இறைச்சியாகக் காட்டுவார்கள். நம் கடையில் இருப்பதை வைத்தே கணக்குப் போடுவோம்.

காலையில் கோதுமை மா ரொட்டி இரண்டு, பருப்பு, ஒரு முட்டை. நூறு கிராம் மாவில் பத்துக் கிராம் புரதம் உண்டு, முட்டையில் ஆறு, ஒரு சிறிய கிண்ணம் பருப்பில் எட்டு அல்லது ஒன்பது. ஆக 24க்குக் கிட்ட. ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு மட்டும் சாப்பிட்டால் வயிறு நிறையும், புரதம் பாதியாகிவிடும். பகலில் சோறு, இன்னொரு கிண்ணம் பருப்பு, 25 கிராம் நெத்தலிக் கருவாடு. கருவாடு காய்ந்தது என்பதால் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான். அந்தச் சிறிய பிடியிலேயே 15 கிராம் வரும், சோற்றோடும் பருப்போடும் சேர்த்து 30. உப்பு அதிகம், ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். பின்னேரம் அவித்த கௌபியோ கடலையோ ஒரு கோப்பை, 14 அல்லது 15. இரவில் சோயா மீட் அரைப் பக்கெட், ஏறக்குறைய 45 கிராம். அதிலும் பாதி புரதம், 22. சோறு ஐந்தாறு. படுக்கும் முன் ஒரு தம்ளர் பால் ஆறு. கூட்டினால் நூறைத் தொட்டுவிடும்.

இதில் கோழி இல்லை, பவுடர் இல்லை. கோழி கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஞாயிறு அரைக் கோழி, மற்ற ஆறு நாளும் சோறும் கிழங்கும் என்று போனால் உடம்பு ஏறாது. பருப்பையும் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுவதிலும் காரணம் உண்டு. பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலம் சோற்றில் இருக்கிறது, சோற்றில் குறைவாக உள்ளது பருப்பில் இருக்கிறது.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டிதான், உங்களுக்கு மட்டும் தனியாக எடுத்துவைக்கச் சொல்லி அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். சட்டியில் பருப்பைக் கூட்டச் சொல்லுங்கள். தங்கச்சிக்கும் அது தேவை.

ப்ளேன்டீயை விடணுமா?

தேயிலை மலையில் இருந்துகொண்டு தேத்தண்ணியை விடு என்று நான் சொன்னால் அடுத்த நாள் வகுப்புக்கு யாரும் வர மாட்டார்கள். விட வேண்டாம். சாப்பிட்ட கையோடு குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். பருப்பு, கீரை, கடலையில் இருக்கிற இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புச் சத்து பிடித்துக்கொள்கிறது, உடம்பு எடுத்துக்கொள்வது குறைகிறது. இறைச்சி குறைவாகச் சாப்பிடும் நமக்கு அது பெரிய இழப்பு, பெண்களுக்கு இன்னும் பெரியது. இரத்தத்தில் இரும்பு குறைந்தால் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும், பயிற்சி சரியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். சோற்றோடு தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

கையில் காசு இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது. ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம், அவ்வளவுதான். அரைப் பக்கெட் சோயா மீட்டும் அதே அளவைத் தருகிறது. நானே ஒருமுறை ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் உள்மூடியின் சீல் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. கரைத்தால் கஞ்சி மாதிரி தடித்தது, வாயில் மா ருசி. திருப்பிக் கொடுக்கப் போனேன், பில் இல்லை என்றார்கள். பில் கேட்காமல் வந்தது என் தப்பு.

கிரியாட்டின் என்ற இன்னொரு பவுடர் மட்டும் வேறு கதை. நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலம் சற்றுக் கூடுகிறது என்பது நன்றாகச் சோதிக்கப்பட்ட விஷயம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் 18 வயதுக்குட்பட்டவர்களும் டொக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

ஊசி போட்டால் மூன்று மாதத்தில் உடம்பு வரும் என்கிறார்களே?

வரும். பொய் சொல்ல மாட்டேன். கூடவே வருவதையும் கேளுங்கள். அது ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோன் ஊசி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்துகிறது: விதை சுருங்கும், விந்து குறையும், சிலருக்கு மார்பு பெண்களுக்குப் போல வளரும், முதுகெல்லாம் பரு. கண்ணுக்குத் தெரியாமல் இருதயத் தசை தடிக்கும், கெட்ட கொழுப்பு ஏறும். வளரும் வயதுப் பையன் போட்டால் எலும்பின் வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடி, உயரம் அங்கேயே நின்றுவிடும். போட்டிக்குப் போகிறவர்களை இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் சோதிக்கலாம். அகப்பட்டால் வருடக்கணக்கில் தடை. என் மண்டபத்தில் ஊசிப் பேச்சு எடுத்தவனை வெளியே அனுப்பியிருக்கிறேன். அது ஒன்றில்தான் நான் கறார்.

சின்ன வயதில் வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று அம்மா பயப்படுகிறார்

அம்மாவிடம் சொல்லுங்கள்: ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, சரியான முறையில், அளவான எடையைத் தூக்குவதால் உயரம் குறையாது. உயரத்தைக் குறைப்பது வேறு. 2016ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். அந்தப் பிள்ளைகள் யாரும் வெயிட் தூக்கவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் சரியான சாப்பாடு கிடைக்காததன் கணக்கு அது. பத்துப் பன்னிரண்டு வயதில் சொந்த உடம்பின் எடையே போதும்: டிப்ஸ், தொங்கல், குந்தி எழும்புதல். அதற்கு மேலே மெதுவாகக் கூட்டலாம்.

பெண் பிள்ளைகள் எடை தூக்கினால் ஆம்பிளை உடம்பு வந்துவிடுமா?

வராது. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பெண்களினதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். வருடக்கணக்கில் அதற்கென்றே உழைக்கிற பெண்களுக்கே அந்தத் தசை லேசில் வருவதில்லை. தலையில் பட்டியைப் போட்டுக் கொழுந்துக் கூடையைச் சுமந்த நம் பாட்டிமார் எவ்வளவு பாரம் தூக்கினார்கள், யாரும் அவர்களை ஆம்பிளை என்று சொல்லவில்லையே? என் வகுப்பில் குமித்தேயில் நல்ல நேரக்கணக்கு உள்ளவர்களில் பாதிப்பேர் பெண் பிள்ளைகள். பிரச்சினை வருவது வகுப்பு முடிந்து இருட்டில் வீட்டுக்குப் போவதில்தான். அதற்காக அவர்களின் வகுப்பை நாலு மணிக்கு மாற்றினேன்.

நான் மலையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க கவ்வாத்து வெட்டிவிட்டு (தேயிலைச் செடியைக் கத்தரித்துவிட்டு) வந்து இது வேறா?

வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணித்தியாலம். அதற்கு மேல் வேண்டாம். கவ்வாத்துக் கத்தி ஒரு கையையும் ஒரு பக்க முதுகையும்தான் வேலை வாங்குகிறது. கொழுந்து எடுக்கிறவர்கள் நாள் முழுக்க முன்பக்கம் சாய்ந்தே நிற்கிறார்கள். ஆகவே உங்களுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம்: பின்னால் இழுக்கும் பயிற்சி, தொங்குதல், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குதல், வெட்டாத கையால் பாரம் தூக்கி நடத்தல். வேலை கடுமையான வாரத்தில் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

எந்தக் கலை உடம்புக்கு நல்லது? சிலம்பமா, கராத்தேயா, குத்துச்சண்டையா?

பக்கத்தில் நல்ல ஆசிரியர் எதற்கு இருக்கிறாரோ அது. உடம்பு என்று மட்டும் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் வேலை செய்கிறது. ஜூடோ பிடியையும் முதுகையும் வளர்க்கும், எதிராளியே அங்கு வெயிட். குத்துச்சண்டை மூச்சையும் தோளையும் வளர்க்கும். கராத்தேயில் தாழ்ந்த நிலைகளில் நிற்பது தொடைக்கு, உதைப்பது இடுப்புக்கு. சிலம்பத்தை லேசாக நினைக்காதீர்கள். நெற்றி உயரக் கம்பைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் சுழற்றிப் பாருங்கள், முன்கை எரியும். காலடி வைப்பதும் அதில்தான் அழகாக வரும். திருவிழாவில் கம்பு சுற்றுகிற பெரியவர்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தால் போய்க் கேளுங்கள், கேட்க ஆளில்லாமல்தான் பலர் சும்மா இருக்கிறார்கள்.

உடம்பு வளர்ப்பதும் நமக்குப் புதிதில்லை. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் பழைய சொற்கள். கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்கிறோமே, அது யூஜென் சாண்டோ (1867–1925) என்ற பயில்வானின் பெயர். அவர் பெயர் நம் கொடிக்கயிற்றில் காய்கிறது.

சிக்ஸ் பேக்?

வயிற்றுக் கொழுப்பு வயிற்றுப் பயிற்சியால் மட்டும் கரையாது. சாப்பாட்டில் சீனியையும் எண்ணெயையும் குறையுங்கள். ஒல்லிப் பையன்களுக்கு சிக்ஸ் பேக் ஏற்கெனவே இருக்கிறது, அதை உடம்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொன்றுக்கும் காசு. இது சரியா?

தரப்பரீட்சைக்குக் கட்டணம் இருப்பது வழக்கம்தான். ஆனால் பணம் கட்டிய எல்லாரும் எப்போதும் தேறிவிடும் வகுப்பை விட்டு விலகுங்கள். ஒழுங்காகப் பழகினால் கறுப்புப் பெல்டுக்கு நாலைந்து வருடமாவது போகும். ஒன்றரை வருடத்தில் வாங்கித் தருகிறேன் என்பவர் துணிதான் விற்கிறார்.

நுவரெலியாக் குளிரில் விடியக்காலையில் பயிற்சி செய்யலாமா?

செய்யலாம், உடம்பைச் சூடாக்கிய பிறகு. கீழே பத்து நிமிடம் போதுமென்றால் இங்கே பதினைந்து. ஸ்வெட்டரோடு தொடங்கி, வியர்த்த பிறகு கழற்றுங்கள். தை மாதத்தில் புல்லில் உறைபனி படியும் காலையில் நேராகப் பாரத்தைத் தூக்காதீர்கள். புரூஸ் லீயே 1970இல் உடம்பைச் சரியாகச் சூடாக்காமல், தோளில் எடையோடு குனிந்து நிமிர்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார் என்பார்கள். குளிர்காற்றில் இழுப்பு வருகிறவர்கள் பின்னேரத்துக்கு மாற்றுங்கள்.

இங்கே நன்றாகச் சண்டை போடுகிறோம். கொழும்பில் போட்டிக்குப் போனால் ஏன் சோர்ந்துவிடுகிறோம்?

கீழே காற்று கனமானது. நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஆகவே மூச்சுக்கு உங்களுக்கு இலாபம்தான். ஆளை வீழ்த்துவது வெக்கையும் புழுக்கமும். வியர்வை காயாது, உடம்பு ஆறாது. முடிந்தால் சில நாள் முன்பே போய்த் தங்குங்கள். முடியாவிட்டால் முதல்நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள், உடம்பைச் சூடாக்கும் நேரத்தைக் குறையுங்கள், உங்கள் முறை வரும்வரை நிழலில் இருங்கள். எடைப் பிரிவுக்குள் நுழைய இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் போகிற பழக்கத்தை விடுங்கள். அது உயிருக்கே ஆபத்து.

தலையில் அடி பட்டால்?

அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. "எனக்கு ஒன்றுமில்லை மாஸ்டர்" என்று சொன்னாலும் முடிந்தது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோட்டத்து வாகனம் கிடைக்கும்வரை விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். தலைவலியும் மயக்கமும் முற்றாகப் போய், டொக்டர் சரி என்ற பிறகுதான் மீண்டும் குமித்தே.

செங்கல்லில் முட்டியைக் குத்தி உரமேற்றுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். அந்தக் கையால்தான் நாளைக்கு எழுதவும் வேலை செய்யவும் வேண்டும்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?

முதல் நாலு முதல் ஆறு வாரம் பலம் கூடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்பு தசையை வேலைவாங்கப் பழகுகிற காலம் அது. முக்கால்வாசிப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் சட்டை தோளில் இறுகும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், தினமும் கண்ணாடி பார்க்க வேண்டாம்.

வகுப்புக்கு வரும்போது என்ன கொண்டு வரணும்?

தண்ணீர்ப் போத்தல், துவாய், மாற்றுச் சட்டை. ஷூ தேவையில்லை. மழைக்காலமென்றால் ஒரு பொட்டலம் உப்பும். மண்டபத்துக்கு வருகிற குறுக்குப் பாதையில் அட்டை அதிகம்.